நின்று நின்று ஓடும் பள்ளி வேன்

இலக்கணமும் பாடத்திட்டமும் எழுதி வந்த இப்பக்கத்தில் இன்று ஒரு பழைய வேனைப் பற்றி எழுதுகிறேன். வேனின் பழுதுக்கும் ஆசிரியருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் அருள்கூர்ந்து இறுதிவரை படியுங்கள்.

கலும்பாங் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் பலர் வேனை நம்பியே வருகின்றனர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்ட வீடுகளை விட்டுக் குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. முன்பு நடந்து வரக்கூடிய தொலைவில் இருந்த பள்ளி, இன்று பல பிள்ளைகளுக்கு வண்டியில் மட்டுமே வரக்கூடிய பள்ளியாகிவிட்டது. ஆகவே, வேன் நின்றால் பிள்ளையின் படிப்பும் நிற்கிறது. வேனை நம்ப முடியாத பெற்றோர் வீட்டுக்கு அருகிலுள்ள வேறு பள்ளியை நாடினால் அவர்களைக் குறை சொல்லவும் நமக்கு வாய் இல்லை.

சில மாதங்களுக்கு முன்னர், எங்கள் மாணவர் சிலரை ஏற்றி வரும் மஞ்சள் வேனின் இயந்திரம் அவ்வப்போது நிற்கத் தொடங்கியது. பெட்ரோலில் ஓடும், கார்புரேட்டர் பொருத்திய பழைய வண்டி அது. நாள்தோறும் நிற்பதில்லை. திங்கட்கிழமை நிற்கும்; பிறகு வியாழன்வரை ஒழுங்காக ஓடும். ஒருநாள் கெர்லிங்குக்கும் கலும்பாங்குக்கும் இடையே, லாரிகள் விரையும் பழைய நெடுஞ்சாலையில், பிள்ளைகளோடு நின்றுவிட்டது. பத்து நிமிடம் கழித்து, எதுவும் நடவாததுபோல் மீண்டும் ஓடியது.

வேன் ஓட்டும் அண்ணன் கவலையற்றவர் அல்லர். மூன்று பட்டறைகளுக்குப் போனார். முதல் பட்டறையில் பிளக்குகளை மாற்றினார்கள். இரண்டாவதில் பேட்டரியை மாற்றினார்கள். மூன்றாவதில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். ஏறத்தாழ 900 வெள்ளி செலவாயிற்று. ஒவ்வொரு முறையும் வண்டி இரண்டு நாள் நன்றாக ஓடும். மூன்றாம் நாள் நின்றுவிடும். பட்டறையில் நிறுத்திவைத்துச் சோதித்தபோது ஒருமுறைகூட அது நிற்கவில்லை. "வண்டி நல்லாத்தானே ஓடுது அண்ணே" என்பதே அவருக்குக் கிடைத்த விடை.

என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவ்வப்போது தோன்றி மறையும் பழுதைப் பொருள் மாற்றிப் பார்த்துத் தீர்க்க முடியாது. அது எப்போது தோன்றுகிறது என்று எழுதி வைத்தால்தான் தீர்க்க முடியும். நோயையும் நோயின் காரணத்தையும் ஆராய்ந்த பிறகே மருந்து என்று வள்ளுவர் 948ஆம் குறளில் வகுத்த வரிசையை நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். வாசலில் நிற்கும் வேனுக்கு அதைப் பொருத்திப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

பள்ளியில் மீந்திருந்த ஒரு பயிற்சி ஏட்டை அண்ணனிடம் கொடுத்தேன். வண்டி நிற்கும் ஒவ்வொரு முறையும் சில கேள்விகளுக்கு விடை எழுதச் சொன்னேன். எந்த நேரம்? இயந்திரம் எவ்வளவு நேரம் ஓடியிருந்தது? வண்டி போய்க்கொண்டிருந்ததா, சந்திப்பில் நின்றிருந்ததா? மழையா, வெயிலா? எண்ணெய்த் தொட்டியில் எவ்வளவு இருந்தது? சாலைக் குழியில் குலுங்கியதா? விளக்கை அணைத்ததுபோல் சட்டென நின்றதா, மூச்சு வாங்கித் திணறி நின்றதா? எத்தனை நிமிடம் கழித்து மீண்டும் ஓடியது?

இக்கேள்விகள் வெறும் சடங்கல்ல. ஒவ்வொரு விடையும் ஒவ்வொரு பக்கம் கை காட்டும். திணறித் திணறி நின்றால் எண்ணெய் போதிய அளவு வரவில்லை என்று ஐயுறலாம்: அடைத்த வடிகட்டி, தளர்ந்த பம்பு, தொட்டியின் அடியில் தேங்கிய அழுக்கு. தொட்டி மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தாலும் அப்படி நிகழும். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்ற ஓசையோடு காற்று உள்ளே போனால் அதை அறியலாம். சட்டென அணைந்தால் மின்சாரப் பக்கம் பார்க்க வேண்டும். மழையில் மட்டும் நின்றால், பிளக்குக்குப் போகும் கம்பிகளிலோ மின்பகிர்வு மூடியிலோ கீறல் இருக்கலாம். குழியில் குலுங்கும்போது நின்றால் பேட்டரி முனையோ, உடற்பகுதியோடு இணையும் கம்பியோ தளர்ந்திருக்கலாம். சந்திப்பில் நிற்கும்போது மட்டும் அணைந்தால், மெதுவோட்டத்தைக் காக்கும் பாகங்களையும் காற்றுக் கசியும் குழாய்களையும் பார்க்க வேண்டும்.

இரண்டு வாரங்களில் ஒன்பது குறிப்புகள் சேர்ந்தன. ஒன்பதும் பிற்பகல். ஒன்பதிலும் இயந்திரம் அரைமணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. தொட்டி நிறைந்திருந்த நாளிலும் நின்றது. குறைந்திருந்த நாளிலும் நின்றது. எல்லா முறையும் சட்டென அணைந்தது. பத்துப் பதினைந்து நிமிடம் ஆறிய பிறகு ஓடியது.

ஏட்டைப் பார்த்த நான்காவது பட்டறைக்காரர் எதையும் உடனே மாற்றவில்லை. வண்டியைச் சூடேறவிட்டு, அது தானாக நிற்கும்வரை காத்திருந்தார். ஏறத்தாழ 40 நிமிடம் ஆயிற்று. நின்ற கணமே சோதித்தார். கார்புரேட்டரில் எண்ணெய் இருந்தது. பிளக்கில் பொறி இல்லை. குற்றவாளி, பட்டறைகளில் காயில் என்று சொல்லப்படும் தீப்பொறிச் சுருள். பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தித் தருவது அதன் வேலை. அதற்குள் உள்ள மெல்லிய கம்பிச்சுற்றில் பழுது இருந்தால், சூட்டில் விரியும்போது தொடர்பு அறுந்துபோகும். ஆறியதும் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். பட்டறை வாசலில் ஒருமணி நேரம் காத்திருந்து ஆறிய வண்டியில் அப்பழுது எப்படித் தெரியும்? புதிய சுருளின் விலை 100 வெள்ளிக்கும் குறைவு. அதன் பிறகும் ஒரு மாதம் ஏட்டைத் தொடரச் சொன்னேன். அம்மாதத்தின் பக்கங்கள் வெறுமையாகவே இருந்தன. பழுது தீர்ந்ததற்கு அந்த வெற்றுப் பக்கங்களே சான்று.

"எப்போதாவதுதானே நிற்கிறது" என்று ஆறுதல் கொள்வோருக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஏறத்தாழ 26 இலட்சம் மகிழுந்துகளைத் திரும்ப அழைத்தது. சாவித்துளையின் விசை போதிய இறுக்கமின்றி இருந்ததால், சாவிக்கொத்தின் கனத்திலோ முழங்கால் இடித்தாலோ சாவி நழுவி, ஓட்டத்தின் நடுவே இயந்திரம் அணைந்தது. காற்றுப்பையும் இயங்காமற் போனது. ஓடும்போதே வண்டி அணைகிறது என்ற முறையீடுகள் 2004, 2005ஆம் ஆண்டுகளிலேயே நிறுவனத்தை எட்டியிருந்தன. ஆனால், அதை உயிர் தொடர்பான குறையாகக் கருதாமல், வாடிக்கையாளரின் வசதிக்குறைவு என்றே நெடுங்காலம் வகைப்படுத்தி வைத்திருந்தார்கள். பின்னர் அமைக்கப்பட்ட இழப்பீட்டு நிதி 124 மரணங்களுக்கு இழப்பீடு வழங்கியது. தேர்ந்த பொறியாளர்கள் நிறைந்த நிறுவனமே இப்படித் தவறியது என்றால், நாம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

ஓடும்போது இயந்திரம் அணைந்தால் வண்டியின் இயல்பே மாறிவிடும். விசைத் திருப்பி உள்ள வண்டியில் திருப்புவளையம் கனத்துப்போகும். பிரேக்குக்குத் துணைபுரியும் வெற்றிட விசை ஓரிரு அழுத்தத்துக்குள் தீர்ந்துவிடும். ஆகவே, பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, ஓரமாக ஒதுங்க வேண்டும். வண்டி நிற்கும்வரை சாவியை உருவக் கூடாது. உருவினால் திருப்புவளையம் பூட்டிக்கொள்ளும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். காரணம் கண்டுபிடிக்கும்வரை அத்தகைய வேனில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதைச் சொன்னபோது, "அவர் பிழைப்பு என்னாவது?" என்று அம்மா ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வேன் கட்டணத்தை மாதக் கடைசிவரை இழுத்தடித்துவிட்டு, ஓட்டுநர் மட்டும் வண்டியைச் செம்மையாக வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. கட்டணத்தை நாள் தவறாமல் கொடுப்போம். வண்டி பட்டறையில் இருக்கும் ஒரு வாரம் மகிழுந்து உள்ளவர்கள் முறைவைத்துப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வோம். அப்போதுதான் ஓட்டுநர் பழுதை மறைக்காமல் வாய்திறந்து சொல்வார். வண்டி பழையது என்பது குற்றமில்லை. நிற்பது தெரிந்தும் மறைப்பதே குற்றம்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல். வணிக ஊர்திகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு செய்கிறார்கள். அது தேவையானதே. ஆனால், ஆய்வு நாளில் நிற்காத வண்டி மறுநாள் நிற்கலாம். 1988இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டபின், வகுப்பறை மதிப்பீட்டையே நாம் பெரிதும் சார்ந்திருக்கிறோம். அதைச் சுமை என்று அலுத்துக்கொள்வோர் நம்மில் உண்டு, நானும் அலுத்துக்கொண்டதுண்டு. காலையில் நன்றாகப் படித்துப் பிற்பகலில் தடுமாறும் பிள்ளை நம் எல்லார் வகுப்பிலும் இருக்கிறான். சோம்பேறி என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், பார்க்காமலே பிளக்கை மாற்றிய பட்டறைக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை. எந்தப் பாடத்தில், எந்த நேரத்தில், எந்த நாளுக்குப் பிறகு தடுமாறுகிறான் என்று இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். காலையில் உண்ணாமல் வருகிறானா, கரும்பலகை தெரியவில்லையா, வீட்டில் உறக்கம் இல்லையா என்பது அதில் தெரியவரும்.

அண்ணனின் வேனில் அந்த ஏடு இன்னும் இருக்கிறது. புதிதாக ஏதேனும் ஓசை கேட்டால் இப்போது அவரே எழுதி வைக்கிறார். உங்கள் பிள்ளை ஏறும் வேனிலும் ஓர் ஏடு இருக்கிறதா என்று நாளைக் காலையில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் நீங்களே ஒன்றை வாங்கிக் கொடுங்கள்.