மனு கொடுத்தது போதும்

2023-இல் 'மக்களைத் தேடி மேயர்' என்றொரு திட்டத்தைச் சென்னை மாநகராட்சி தொடங்கியது. மண்டலம் மண்டலமாக மேயர் வருவார், மனு வாங்குவார், கூட நிற்கும் அதிகாரிகளிடம் கவனிக்கச் சொல்வார். ரிப்பன் மாளிகை வாசலோடு திரும்பிப் பழகிய சனத்தைத் தேடி ரிப்பன் மாளிகையே வருகிறதென்றால் வேண்டாமென்று யார் சொல்வார்? நாமும் சொல்லவில்லை. நமது கேள்வி ஒன்றுதான். தேடப்படும் அந்த 'மக்கள்' யார்?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் போய்ப் பாருங்கள். தெருவுக்கொரு 'குடியிருப்போர் நலச் சங்கம்'. லெட்டர் பேடு உண்டு, ரப்பர் ஸ்டாம்பு உண்டு, ரிட்டயர்டு அதிகாரி ஒருத்தர் தலைவராக உண்டு. கொசு, நாய், பிளாட்பாரக் கடை என்று அவர்கள் எழுதினால் ஆங்கிலப் பத்திரிகையில் படத்தோடு வருகிறது. அதே தெருக்களுக்குப் பின்னால், பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில், தலைமுறை தலைமுறையாகக் கிடக்கிற சனம் இந்தக் 'குடியிருப்போர்' கணக்கில் வராது. தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு இது விளங்கவேயில்லை. குடியிருப்புக்கும் குடிசைக்கும் வேர் 'குடி'தானே? ஒன்று குடிமக்களாகவும் இன்னொன்று ஆக்கிரமிப்பாகவும் எந்தப் புணர்ச்சி விதிப்படி திரிந்தது? நன்னூலில் தேடாதீர்கள். அது சாதியின் விதி.

2022 மார்ச் 4 அன்று ஆர். பிரியா மேயராகப் பதவியேற்றார். வயது 28. சென்னையின் முதல் தலித் பெண் மேயர். நம் சனம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது. இரண்டு மாதம் முழுசாக ஆகவில்லை, ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் கால்வாயோர வீடுகளை இடிக்க இயந்திரங்கள் வந்தன. உச்ச நீதிமன்ற உத்தரவு என்றார்கள். மே மாதம் அங்கே ஒருவர் தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டு செத்தார். அதற்குப் பிறகுதான், மந்தைவெளி, மயிலாப்பூர் பக்கமே மாற்று வீடு தருவோம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பக்கத்திலேயே தர முடியுமென்றால் அதை முதலிலேயே சொல்ல என்ன கேடு? ஓர் உடம்பு எரிந்த வெளிச்சத்தில்தான் மந்தைவெளி கண்ணுக்குத் தெரிந்ததா?

நீர்நிலையை ஆக்கிரமித்தவர்கள் என்கிறார்கள். சரி, 1997-இல் திருமயிலை வரை வந்த பறக்கும் ரயில் எங்கே ஓடுகிறது? அதே பக்கிங்ஹாம் கால்வாயில் தூணை இறக்கி, அதன் மேலேதானே ஸ்டேஷன் கட்டினார்கள்? சர்க்கார் தண்ணிக்குள்ளேயே நின்றால் வளர்ச்சி. சேரி கரையில் நின்றால் குற்றம். 2000-க்குப் பிறகு இந்தக் குற்றத்துக்கான தண்டனைக்கு ஊர்ப்பெயர்களே வந்துவிட்டன: கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். அங்கிருந்து விடியற்காலை பஸ் பிடித்து மயிலாப்பூரில் பாத்திரம் தேய்க்க வருகிற பெண்ணைக் கேளுங்கள். "ஓட்டு அங்க, சோறு இங்க, நான் எந்த மேயர்கிட்ட போய் கேக்கறது?" என்பாள்.

மேயர் என்ன செய்வார் பாவம், இடித்தது நீர்வளத் துறை அல்லவா என்பார்கள். உண்மைதான். நமது இரண்டாவது வழக்கே அதுதான். தண்ணியும் சாக்கடையும் 1978-இல் குடிநீர் வாரியத்துக்குப் போயின. குடிசை மாற்று வாரியம் 1970 முதல் தனி. 2021-இல் பெயர் மட்டும் மாறியது. நகரத் திட்டம் சி.எம்.டி.ஏ.விடம். மிச்சம் இருப்பதற்கும் நிர்வாக அதிகாரம் ஐ.ஏ.எஸ். ஆணையரிடம். மேயருக்கு அங்கியும் சங்கிலியும் செங்கோலும். நாற்காலியின் காலை எல்லாம் அறுத்தெடுத்த பிறகுதான் அதை நமக்கு ஒதுக்குகிறார்கள்.

ஜெ. சிவசண்முகம் பிள்ளையும் என். சிவராஜும் வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்த நகரத்தின் மேயராக இருந்தவர்கள். நமக்கு நாற்காலி புதிதல்ல. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின்போது முதலமைச்சரின் பாதுகாப்பு அணிவகுப்பு வண்டியில் மேயர் தொங்கிக்கொண்டு போன படம் வந்தது. கூடவே ஆணையரும் தொங்கினார். ஆனால் கேலி யார் மேல் விழுந்தது? பிரியாவைச் சிரித்தவர்களோடு நமக்குப் பேச்சில்லை. அவர்கள் சிரிப்பின் சாதி நமக்குத் தெரியும். ஆனால், "நம்ம பொண்ணு மேயரு, இந்த நேரத்துல கேள்வி கேக்கலாமா?" என்கிற தோழர்களுக்குச் சொல்கிறேன்: நாம் கேட்காவிட்டால் அவர் படியில்தான் நிற்க வேண்டியிருக்கும். உள்ளே உட்கார அவருக்கு பலம் தருவது நம் கேள்விதான்.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகைக்கு எதிரே என்ன நடந்தது? ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்துத் தொழிலாளர்கள் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தலித்துகள், அதிலும் பெண்கள். திரு.வி.க. நகர் மேயரின் சொந்த மண்டலம். நீதிமன்ற உத்தரவைக் காட்டி நள்ளிரவில் போலீஸ் தூக்கிப்போனது. மறுநாளே காலைச் சிற்றுண்டி தருவோம் என்று அரசு அறிவித்தது. கேட்டது வேலை, கிடைத்தது இட்லி. தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு மண்டலங்களில் இது ஏற்கெனவே நடந்து முடிந்த கதை. தென்சென்னையில் 2000-இலேயே ஓனிக்ஸ் வந்தது. கம்பெனி மாறுகிறது, துடைப்பம் பிடிக்கிற சாதி மட்டும் மாறவில்லை.

குடிமக்கள் பங்கேற்புக்குத்தான் பகுதி சபை இருக்கிறதே என்பார்கள். 74-ஆவது திருத்தம் 1992-இல் வந்தது. அதற்கான விதிகள் இங்கே எழுத 2022 ஆயிற்று. 200 வார்டு, வார்டுக்குப் பத்து சபை. நல்லது. ஆனால் உறுப்பினருக்குத் தேர்தல் இல்லை, நியமனம். நியமிக்கிற கை கால்வாய்க் கரை வரைக்கும் நீளுமா?

ஆகவே நாம் கேட்பது இவை. பகுதி சபை உறுப்பினரைச் சனமே தேர்ந்தெடுக்க வேண்டும். சபை கால்வாய்க் கரையிலும் கூட வேண்டும், வேலை முடிந்து வருகிற சாயங்கால நேரத்தில். அங்கே தீர்மானம் ஆகாமல் ஒரு குடிசையும் இடிபடக் கூடாது; மாற்று வீடு அதே வார்டில் வேண்டும். ஒரு தெருவைக் கூட்டுகிறவருக்கு, அவர் எந்த ஊரில் படுத்தாலும், அந்தத் தெருவின் சபையில் இடமும் வாக்கும் வேண்டும். மேயருக்கு ஆணையரை ஏவும் அதிகாரம் வேண்டும்.

ஒரு மனு நம்மை ஊருக்கு வெளியே நிறுத்தினான். இன்னொரு மனுவை எழுதிக்கொண்டு உள்ளே வரச் சொல்கிறார்கள். இரண்டு மனுவும் நமக்கு வேண்டாம். அடுத்த முறை மேயர் தேடி வரும்போது கையில் காகிதம் இல்லாமல் போவோம். கணக்கு கேட்போம்.