ஜஹாங்கீரின் முகமும் மேலைத்தேயச் சித்திரமும்

சரித்திரப் பாடநூல்களிலே ஜஹாங்கீர் சக்கரவர்த்தியின் படத்தை நம்மிற் பலர் பார்த்திருப்போம். பக்கவாட்டில் திரும்பிய முகம், காதிலே முத்து, தலைக்குப் பின்னால் பொன்மயமான ஒளிவட்டம். இதைவிடக் கீழைத்தேயத்துக்கே உரிய படம் வேறொன்று உண்டோ என்று எண்ணத் தோன்றும். ஆயினும், அவ்வொளிவட்டத்தை மொகலாய ஓவியர் கிறிஸ்தவப் புனிதர்களின் படங்களைக் கண்டே வரையத் தலைப்பட்டனர் என்பது கலைவரலாற்றாசிரியர் பலரின் முடிபு. (புத்தர் சிலைகளின் பின்னே பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அது இருந்தது என்பது வேறு கதை.) அப்படியானால் மொகலாயரின் உருவப்படக் கலை வெறும் இரவல்தானா? இவ்வாரம் அதனைச் சிறிது ஆராய்வோம்.

உயிருள்ளவற்றின் உருவை எழுதுவதை இஸ்லாமிய மரபு ஐயத்தோடேயே நோக்கி வந்திருக்கிறது. பள்ளிவாசற் சுவர்களில் உருவங்கள் இடம்பெறுவதில்லை. அரண்மனை நூல்நிலையத்தின் நிலை வேறு. பாரசீகத்திலே காவியங்களுக்கு அழகழகான சித்திரங்கள் தீட்டினர். ஆனால் அவற்றிலே காதலனுக்கும் காவலனுக்கும் பெரும்பாலும் ஒரே முகம், அதே நிலாமுகம். இன்னார் இவர் என்று முகங்கண்டு சொல்லத்தக்க படத்தை விரும்பியவர் அக்பர். தாமும் ஓவியர்முன் அமர்ந்தார். தம் அவைப் பிரபுக்கள் அனைவரையும் எழுதுவித்துப் பெரிய தொகுப்பொன்றும் ஆக்குவித்தார். அதனால் இறந்தோர் புத்துயிர் பெற்றனர் என்று அபுல் பஸல் எழுதிவைத்தார். மேலைத்தேயத்தார் வருமுன்னரே இவ்வேட்கை அங்கே பிறந்துவிட்டது என்பது நம் கருத்து.

1580ஆம் ஆண்டில் யேசுசபைப் பாதிரிமார் கோவாவிலிருந்து பதேபூர் சிக்ரிக்கு வந்து சேர்ந்தனர். அன்ட்வேர்ப் நகரிலே பிளான்டின் அச்சிட்ட பன்மொழி வேதாகமத்தின் தொகுதிகளை அவர்கள் அக்பருக்குக் காணிக்கையாக அளித்தனர். பாதிரிமாரின் நோக்கம் சக்கரவர்த்தியின் மனமாற்றம். அது கைகூடவில்லை. ஆனால் அந்நூலின் செதுக்குப் படங்களும் பின்னர் வந்த தனிப் படங்களும் அரண்மனை ஓவியரின் கைக்கு எட்டின. உருண்டு திரண்ட உடல், மடிப்பு விழுந்த ஆடை, தூரஞ் செல்லச் செல்லச் சிறுக்கும் மரங்கள் ஆகியவற்றை அவர்கள் கண்ணாற் கற்றனர். 1600ஆம் ஆண்டில் அபுல் ஹசன் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவன், ஜேர்மனிய ஓவியர் டியூரர் 1511இற் செதுக்கிய சிலுவைக் காட்சியிலிருந்து புனித யோவானின் உருவை மட்டும் பார்த்து வரைந்தான். அச்சிறுதாள் இன்று ஒக்ஸ்போர்ட் நகரின் ஆஷ்மோலியன் நூதனசாலையில் இருக்கிறது. இச்சிறுவனே பிற்காலத்தில் ஜஹாங்கீரிடம் 'காலத்தின் அதிசயம்' எனப் பொருள்படும் பட்டம் பெற்றவன்.

ஆங்கில அரசரின் தூதராக வந்த சேர் தோமஸ் ரோ தம்மிடமிருந்த சிறு உருவப்படம் ஒன்றைப் பெரிதும் பாராட்டி வைத்திருந்தார். அதுபோல் எழுத இங்கு ஒருவராலும் இயலாது என்பது அவர் நினைப்பு. 1616இல் ஜஹாங்கீர் அதனைத் தம் ஓவியரிடங் கொடுத்தார். பின்னர் ஒருநாள் இரவு, மெழுகுதிரி வெளிச்சத்தில், ஆறு படங்களைக் காட்டி, 'உம்முடையது எது?' என்று வினவினார். ஐந்து படிகள், ஒன்று மூலம். தூதர் தடுமாறியே தம்முடையதை இனங்கண்டார். இதைத் தம் நாட்குறிப்பில் அவரே எழுதிவைத்தமை அவரது நேர்மைக்குச் சான்று.

இவ்வளவு திறமையுடையோர் மேலைத்தேய முறையை முழுமையாகவே பின்பற்றியிருக்கலாம். பின்பற்றவில்லை. முகத்தை அணில் மயிர்த் தூரிகையின் நுண்ணிய புள்ளிகளாலும் கீறல்களாலும் திரட்டினர். ஒரு புறம் வெளிச்சமும் மறு புறம் கரு நிழலுமாக முகத்தைப் பிளக்கும் வழக்கத்தை ஏற்கவில்லை. அரசரின் முகம் பெரும்பாலும் பக்கவாட்டிலேயே நின்றது. பிசித்திரர் ஏறத்தாழ 1615-1618இல் வரைந்த படமொன்று வோஷிங்டன் பிரியர் கலைக்கூடத்தில் உள்ளது. அதில் ஜஹாங்கீர் மணற்கடிகையின்மேல் அமர்ந்து, முதிய சூபி ஞானி ஒருவருக்கு நூலொன்றை வழங்குகிறார். கீழே துருக்கிய சுல்தானும் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னரும் காத்து நிற்கின்றனர். ஜேம்ஸின் முகம் ஐரோப்பியப் படத்திற் கண்டவாறே முக்காற்பங்கு நம்மை நோக்குகிறது. ஜஹாங்கீரோ நம்மைப் பார்ப்பதில்லை. இரவல் எவ்விடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆங்கில மன்னர் ஞானிக்குக் கீழே, சுல்தானுக்கும் கீழே, மூன்றாமிடத்தில் நிற்கிறார். குழந்தைத் தேவதைகளும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களே. அவர்கள் மொகலாயச் சக்கரவர்த்திக்கு நீண்ட ஆயுளை வாழ்த்தி மணற்கடிகையில் எழுதுகின்றனர்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1650களின் பிற்பகுதியில் ஒல்லாந்து நாட்டு ரெம்பிராண்ட் மொகலாயப் படங்களைப் பார்த்து இருபதுக்கு மேற்பட்ட சித்திரங்களைக் கீழைத்தேயத் தாளிலே வரைந்தார். அவரை எவரும் இரவலாளர் என்று கூறுவதில்லை.

நம் மனத்தை மிகவும் உலுக்கிய படம் வேறொன்று. இனாயத்கான் என்பவர் ஜஹாங்கீரின் நெருங்கிய பணியாளர். அபினும் மதுவும் அவர் உடலை உருக்கிவிட்டன. 1618இல் ஊருக்குச் செல்ல விடைபெறும்பொருட்டு அவரைச் சுமந்து வந்தனர். தோலும் எலும்புமாயிருந்த அக்கோலத்தைக் கண்டு திகைத்த சக்கரவர்த்தி, உடனே எழுதுமாறு ஓவியரைப் பணித்தார். இரக்கமோ, ஆராய்ச்சி வேட்கையோ, இரண்டுமோ நாமறியோம். கோட்டுச் சித்திரம் பொஸ்ரன் நூதனசாலையிலும், வண்ணந் தீட்டிய படம் ஒக்ஸ்போர்ட் பொட்லியன் நூலகத்திலும் உள்ளன. பருத்த தலையணைகளுக்கிடையே சாய்ந்த உடல், எண்ணத்தக்க விலா எலும்புகள், வெறுமையான சுவர். ஒளிவட்டம் இல்லை, தேவதைகள் இல்லை. முகம் மட்டும் பக்கவாட்டில், அரசருக்கு எழுதும் அதே முறையில். மறுநாள் அவர் இறந்துபோனார் என்று ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.