ஆற்றோரத் தோப்பில் ஒரு சிறு வீடு

கேள்வி: முசிறி பக்கம் காவிரிக் கரையோரம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. மின் இணைப்பு இல்லை. விடுமுறைக்கு வரும் பிள்ளைகள், பேரக்குழந்தைகளோடு நாலு நாள் தங்க ஒரு சிறு வீடு கட்ட ஆசை. விளக்கு, விசிறிக்கு என்ன வழி?
– ஒரு வாசகர், திருச்சி மாவட்டம்

பதில்: விளக்குக்கு வழி எளிது. 9 வாட் எல்.இ.டி. பல்பு நான்கு 5 மணி நேரமும், 30 வாட் மின்விசிறி இரண்டு 10 மணி நேரமும் ஓடினால், நாளுக்கு முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். 300 வாட் சோலார் பேனலும், 12 வோல்ட் 150 ஆம்பியர் மணி பேட்டரியும் போதும். தென்னை நிழல் விழாத இடத்தில், பேனலைத் தெற்கு பார்த்துச் சாய்த்து வையுங்கள்.

அதற்கு முன் இடத்தைப் பாருங்கள். ஆற்றுக்கும் கரைக்கும் நடுவே உள்ள படுகையில் கட்டவே கூடாது. பட்டா எல்லை எது, ஆற்றுப் புறம்போக்கு எது என்று சர்வேயரை வைத்து அளந்துகொள்ளுங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சி கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களே சரிந்தன. அந்த வெள்ளம் உங்கள் பக்கம் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் கேளுங்கள். வீட்டின் தரைமட்டம் அதற்கு மேல் 2 அடியாவது இருக்கட்டும்.

கழிவறைக் குழி கிணற்றுக்கு 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் கழிவு சீக்கிரம் ஊற்றுநீரில் கலந்துவிடும்.

கடைசியாக, பேரக்குழந்தைகள். குடகில் மழை பெய்து மேட்டூரில் தண்ணீர் திறந்தால், உங்கள் ஊரில் வெயில் அடிக்கும்போதே ஆறு பெருகும். மணல் அள்ளிய குழிகளும் மேலே தெரியாது. பெரியவர் துணையில்லாமல் ஆற்றில் இறங்க விடாதீர்கள்.