விரலை அளந்தீர்களா?

பெண்ணுக்குத் தொடு உணர்வு நுட்பம் என்பது பழைய பேச்சு. 'பெண் மூளையே அப்படித்தான்' என்று அதற்கு உடனே காரணம் சொல்லிவிடுவதும் பழைய வழக்கம்தான். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேனியல் கோல்ட்ரைக் குழுவினர் 2009இல் கொஞ்சம் பொறுமை காட்டினார்கள். 100 மாணவர்களைக் கூப்பிட்டு, வரிவரியாகப் பள்ளம் வெட்டிய ஒரு பரப்பை விரல் நுனியில் அழுத்தினார்கள். வரி நெடுக்கா, குறுக்கா? இடைவெளி குறையக் குறைய விரல் திணறும். பெண்கள்தான் சராசரியில் முந்தினார்கள்.

அதோடு விட்டிருந்தால் இன்னொரு 'பெண் மூளை'ச் செய்தி கிடைத்திருக்கும். அவர்கள் விரல் நுனியின் பரப்பையும் அளந்தார்கள். சின்ன விரல்காரர் ஆணோ பெண்ணோ, நுட்பமாக உணர்ந்தார். ஒரே அளவு விரல் என்றால் ஆண், பெண் வித்தியாசமே காணவில்லை. சிறிய விரலில் வியர்வைத் துளைகள் நெருங்கியிருக்கின்றன. அழுத்தத்தை உணரும் மெர்க்கல் செல்கள் அத்துளைகளையொட்டிக் குவிந்திருப்பவை. ஆகவே அவையும் நெருங்கியே இருக்கும் என்பது அவர்கள் கணிப்பு.

மூளையில் வேறுபாடே கிடையாது என்று நாம் கொடி பிடிக்கவில்லை. இரண்டு கைகளிலும் அடுத்தடுத்துத் தட்டி, எது முதலில் என்று கேட்கும் சோதனை ஒன்று உண்டு. கைகளைக் குறுக்கே போட்டுக்கொண்டால், தட்டுகளுக்கு நடுவே 300 மில்லி நொடிகூட இல்லாதபோது பலர் வரிசையைத் தலைகீழாகச் சொல்வதை ஜப்பானின் யமமோட்டோவும் கிடசாவாவும் 2001இல் காட்டினார்கள். மெக்மாஸ்டரிலிருந்தே 2010இல் வந்த ஆய்வு ஒன்றில் இந்தத் தடுமாற்றம் பெண்களுக்கு அதிகம். இதற்கு விரல் அளவைக் காரணம் காட்ட முடியாது. ஆனால், பிறவியிலேயே பார்வையற்றவர்களுக்குத் தடுமாற்றமே இல்லை. இடையில் பார்வை இழந்தவர்களுக்கு உண்டு. சிறுவயதில் கண் பழக்கிய பழக்கம் இதில் கலந்திருக்கிறது. பிறப்பா, வளர்ப்பா என்று ஒரே ஆய்வை வைத்துத் தீர்ப்பெழுதுபவரை நம்பாதீர்கள்.

பெண் விரலின் நுட்பம் பற்றிய இந்தப் பேச்சு ஆய்வுக்கூடத்தோடு நிற்பதில்லை என்பதே நம் கவலை. கீழை நாட்டுப் பெண்ணின் கை சிறியது, வேகமானது என்று 1970களில் மலேசிய அரசின் முதலீட்டுக் கையேடு ஒன்று மின்னணு நிறுவனங்களை அழைத்தது. ஆய்வாளர்கள் டயான் எல்சனும் ரூத் பியர்சனும் 1981இல் அதைச் சுட்டிக்காட்டி, அந்த லாகவம் பிறவிக்குணமல்ல, சிறுமியாக வீட்டில் தைத்துப் பழகிய பயிற்சி என்று எழுதினார்கள். வீட்டில் கற்றதற்குச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாத வேலைக்குத் 'திறன் தேவையில்லாத வேலை' என்று பெயர். கூலியும் அதற்குத் தக்கபடி.

விரல் உண்மையிலேயே நுட்பமானது என்றால் கூலி கூட வேண்டும், குறையக் கூடாது.

பீடி சுற்றுகிறவர்களே, தையல் ஆலைக்குப் போகிறவர்களே, கூலி பேசும்போது 'உங்களுக்கு இது கைவந்த கலையாயிற்றே' என்று யாரேனும் சொன்னதுண்டா? எழுதுங்கள். அடுத்த இதழில் நான்கு பக்கங்களை உங்களுக்கென்று விட்டுவைத்திருக்கிறோம்.