கணினி செத்துவிட்டது என்று எழுதிக் கொடுக்க முதல்

கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலையில் தகவல் தொழினுட்பப் பாடம் படிப்பிக்கிறவர்கள் மட்டுமாவது கடைசி வரை வாசியுங்கள்.

களுதாவளையில் நாங்கள் படிப்பிக்கும் ஆய்வுகூடத்தின் பின்மூலையில் பதினொரு கணினிகள் பழைய திரைச்சீலையால் மூடிக் கிடந்தன. பென்டியம் 4 காலத்துப் பெட்டிகள். முன்னால் ஓடுவது ஆறு, வகுப்பில் பிள்ளைகள் முப்பத்தெட்டு. ஒரு பிள்ளை மவுசைப் பிடிக்க ஐந்து பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். பத்தாம் தரப் பாடநூலில் பணிசெயல் முறைமைக்கு ஒரு அத்தியாயமே உண்டு. அதைப் பாடமாக்கி எழுதிப் புள்ளி எடுத்த பிள்ளை, ஒரு பணிசெயல் முறைமை நிறுவப்படுவதைக் கண்ணால் கண்டதில்லை.

மூலையில் கிடப்பதைப் பற்றிக் கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "அது செத்துப் பெய்த்து சேர்." யார் பார்த்துச் சொன்னது என்று கேட்டால் பதில் இல்லை.

உண்மையில் செத்திருந்தவை மூன்றுதான். மற்ற எட்டும் இறுவட்டைப் போட்டால் எழும்பவில்லை, அவ்வளவுதான். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நம்மில் பலருக்குத் தெரியாது என்பதுதான் நமது பிரச்சினை.

கணினியை ஓன் பண்ணியதும் முதலில் எழும்புவது மதர்போட்டில் இருக்கும் பயோஸ். எந்த டிரைவை முதலில் பார்ப்பது என்று அதனிடம் ஓர் ஒழுங்கு இருக்கும். இறுவட்டில் இருந்து எழும்பும் வழியை பீனிக்ஸ், ஐபிஎம் இரண்டு கம்பனிகளும் சேர்ந்து 1995இல் எழுதி வைத்தன. எல் டொரிட்டோ என்று பெயர். வட்டின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் "என்னிடம் இருந்து தொடங்கலாம்" என்று ஒரு குறிப்பு இருக்க வேண்டும். பயோஸ் அதைத் தேடும். ஐஎஸ்ஓ கோப்பைச் சும்மா கோப்பாகவே வட்டில் பதிந்தால் அந்தக் குறிப்பு அங்கே இராது. அதை இமேஜாகப் பதிய வேண்டும். நாங்களும் முதல் இரண்டு வட்டை இப்படித்தான் பாழாக்கினோம்.

பிறகு சரியாகப் பதிந்து போட்டோம். வட்டு சுற்றியது, லைட் மின்னியது, திரையில் ஒன்றுமே இல்லை. ஒரு முழுப் பின்னேரம் போனது. ஒன்பதாம் தரத்துப் பிள்ளை ஒன்று டிரைவின் முகப்பைத் தடவிப் பார்த்து, "சேர், இதுல டிவிடி எண்டு எழுதல்லயே" என்றது. அது வெறும் சிடி டிரைவ். நாங்கள் போட்டது டிவிடி! 700 எம்பி கொள்ளும் சிடிக்குள் அடங்காத அளவுக்கு உபுண்டு வளர்ந்தது 2012இலேயே. பழைய டிரைவ் தனக்கு வாசிக்கத் தெரியாது என்று சொல்லாது. பேசாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நாலு பெட்டிக்கும் சிடிக்குள் அடங்கும் பப்பி லினக்ஸைக் குறைந்த வேகத்தில் பதிந்து போட்டோம். எழும்பியது.

அடுத்த தலையிடி பற்றரி. இன்று ஒழுங்கை மாற்றி வைப்போம், பின்னேரம் பிளக்கைக் கழற்றிவிட்டுப் போவோம், காலையில் பார்த்தால் எல்லாம் பழையபடி. திகதி இருபது வருஷம் பின்னால் நிற்கும். மதர்போட்டில் இருக்கும் சிஆர்2032 என்ற பொத்தான் பற்றரி தீர்ந்துபோனதுதான் காரணம். ஒரு பால் தேத்தண்ணிக் காசு. திகதி பிழைத்தால் இணையத்தில் பாதித் தளங்கள் திறக்காது என்பதையும் பிள்ளைகள் அன்றுதான் படித்தார்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி என்று இருக்கிற ஊரில் உப்புக்காற்று வேறு. ரெம்மைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்துப் போட்டதில் இரண்டு பெட்டிகள் உயிர் பெற்றன.

இப்போது எல்லோரும் பென் டிரைவைத்தான் நீட்டுகிறார்கள். அந்தக் காலத்துப் பயோஸ் பலதுக்கு அதில் இருந்து எழும்பத் தெரியாது. பிளொப் என்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. சிடியில் இருந்து அதை எழுப்பினால், மிச்ச வேலையை அது பென் டிரைவிடம் ஒப்படைக்கும்.

டிவிடி டிரைவ் உள்ள பெட்டிகளுக்கு டெபியன் 12 போட்டோம். 32 பிட் கணினிக்கு நிறுவல் வட்டு தந்த கடைசி டெபியன் அது. 2025இல் வந்த 13இல் அது இல்லை. முதல் டிவிடி ஒன்றே போதும், இணையம் தேவையில்லை. நிறுவும்போது மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. அதைத் தெரிந்ததும் திரை முழுக்கத் தமிழாக மாற, பின்வரிசைப் பிள்ளைகள் கதிரையில் ஏறி நின்று வாசித்தார்கள்.

"ஏன் இந்தக் கஷ்டம், புதுசு கேட்டு எழுதுங்களன்" என்கிறார்கள் சில நண்பர்கள். எழுதத்தான் வேண்டும், எழுதியும் இருக்கிறோம். ஆனால் 2022இல் ரூபாய் விழுந்த பிறகு ஒரு கணினி என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். புதுசு வரும்வரை இந்தப் பிள்ளைகளின் வயது நிற்காது. இந்தப் பெட்டிகள் யூடியூப் பார்க்க உதவாது, கரண்டும் கூட இழுக்கும், அதை மறைக்கவில்லை. தட்டச்சு, விரிதாள், பாஸ்கல் எல்லாம் தாராளமாக ஓடும். கடையில் "எக்ஸ்பி அடிச்சித் தாறம்" என்பார்கள். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு பாதுகாப்பு இற்றைப்படுத்தல் நின்றுவிட்டது. களவுப் பிரதியைப் போட்டுவிட்டு அதே வகுப்பில் பதிப்புரிமை படிப்பிப்பது எப்படி என்பதையும் யோசியுங்கள்.

நம்மிடமும் பிழை உண்டு. கல்வியியற் கல்லூரியில் கணினியின் பாகங்களைப் படமாக வரைந்து பெயரிட்டோம், ஒரு மூடியைக் கழற்றியதில்லை. பாடசாலைக்கு வந்த பிறகு பொருட்பதிவேட்டில் இருப்பதைத் தொட்டால் வில்லங்கம் என்ற பயம். நாங்கள் அதிபரிடம் எழுத்தில் அனுமதி கேட்டோம். ஒரே நாளில் தந்தார். இத்தனை வருஷமாக யாரும் கேட்டதில்லையாம்!

இது பென்டியம் 4 கதை மட்டுமல்ல. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும், பல நல்ல கணினிகளில் அது இல்லை. அடுத்த பொருட் கணக்கெடுப்பில் அவற்றையும் கழிவில் எழுத ஆயத்தமாகும் பாடசாலைகள் இருக்கும். அவை 64 பிட் கணினிகள், இன்றைய லினக்ஸ் ஒரு சிணுக்கமும் இல்லாமல் எழும்பும். கையெழுத்து வைக்க முதல் ஒருதரம் வட்டைப் போட்டுப் பாருங்கள்.

எங்களிடம் இப்போது பதினாலு ஓடுகின்றன. செத்த மூன்றில் ஒன்றுக்குப் பவர் சப்ளைதான் பிழை என்று நினைக்கிறோம். பழைய பவர் சப்ளை, பதியாத சிடி, ஐடிஈ கேபிள் வீட்டில் யாரிடமாவது கிடந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். காத்தான்குடியில் இருந்து கல்முனை வரை எங்கே என்றாலும், இன்ஷா அல்லாஹ், சனிக்கிழமை நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.