எங்கள் ஊர் வெயில் வெளிக்காரணமா?

பெறுநர்: தலைமை ஆணையர், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், புது தில்லி

மதிப்பிற்குரிய தலைமை ஆணையர் அவர்களுக்கு,

கார்களின் வெளிப்பக்கம் கறுப்பாக ஓடுகிற பிளாஸ்டிக் பட்டைகளைப் பற்றி உங்களுக்கு எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. நாட்டில் எவ்வளவோ கலப்படமும் மோசடியும் நடக்கும்போது, வண்டியின் கிளாடிங் நெளிந்துபோனதையெல்லாம் ஒரு தேசிய ஆணையத்திடம் கொண்டுபோவதா என்று பவானியிலேயே நாலு பேர் கேட்டுவிட்டார்கள். ஆனால் இந்தப் பட்டையைப் பிடித்துக்கொண்டு போனால் வாரண்டி என்ற ஏற்பாடே எங்கே ஓட்டையாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையது ஒரு சின்ன எஸ்.யு.வி. வாங்கிய இரண்டாவது கோடையில், பின்சக்கரத்துக்கு மேலிருக்கும் வளைவுப் பட்டை வண்டியின் உடம்பை விட்டு விலகி நின்றது. இடுக்கில் விரலை விடலாம். கதவின் அடியில் ஓடும் பட்டை கிளிப்புக்கும் கிளிப்புக்கும் நடுவே அலையாக எழும்பியிருந்தது. எங்கும் இடிபடவில்லை, உரசவுமில்லை. வாரண்டி முடிய இன்னும் காலம் இருந்தது. சர்வீஸ் சென்டரில் இருந்த அட்வைசர் நல்ல பையன். போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினார். பதில் போனில் வந்தது: “எக்ஸ்டர்னல் ஹீட்டுங்க சார், வாரண்டில வராதுங்க.” அதையே எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுத்தில் கொடுக்க மேலே அனுமதியில்லையாம். ஜாப் கார்டில் மட்டும் ‘கஸ்டமர் இன்ஃபார்ம்டு’ என்று இரண்டு சொற்கள். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரு நிறுவனத்தோடு முடிகிற சங்கதியாக இருந்தால் உங்களுக்கு எழுதியிருக்கவே மாட்டேன்.

வெளியிலிருந்து வந்த சூடு என்கிறார்கள். எந்தச் சூடு? வண்டிக்குப் பக்கத்தில் யாரும் குப்பை கொளுத்தவில்லை. மிஞ்சுவது வெயில் ஒன்றுதான். ஈரோடு மாவட்டத்து வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கோடை வந்தால் தமிழ்நாட்டில் அதிக வெப்பம் பதிவான ஊர்களின் பட்டியலில் வேலூர், சேலம், கரூர் பரமத்தியோடு ஈரோடும் தவறாமல் வரும். 2024 கோடையில் பாதரசம் 42 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. புயல், வெள்ளம், ஆலங்கட்டி மழை இவற்றால் வரும் சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்று கையேட்டில் போட்டால் புரிந்துகொள்ளலாம். சித்திரை வெயில் பேரிடர் இல்லை. அது பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. இங்கே ஷோரூம் திறந்து, இங்கேயே வண்டியை விற்று, இந்த ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்தும் கொடுத்துவிட்டு, பிறகு இந்த ஊர் வெயிலை மட்டும் அந்நியம் என்றால் எப்படி?

கோவையில் இஞ்செக்ஷன் மோல்டிங் பட்டறை நடத்தும் நண்பர் ஒருவரிடம் வண்டியைக் காட்டினேன். குனிந்து ஒரு நிமிடம் தடவிப் பார்த்தவர், “இது உருகுல ஒண்ணும் இல்லீங்க, விரிஞ்சிருக்குது. விரியறதுக்கு எடம் உடல” என்றார். பிறகு அவர் விளக்கியதைச் சுருக்கிச் சொல்கிறேன். இந்தப் பட்டைகளில் பெரும்பாலானவை பாலிபுரோப்பிலீனில் ரப்பர்த் தன்மையுள்ள பொருளைக் கலந்து வார்த்தவை. பாலிபுரோப்பிலீன் உருக 160 டிகிரி வேண்டும். எந்த ஊர் வெயிலிலும் அது நடக்காது. ஆனால் சூட்டில் அது இரும்புத் தகட்டைப் போல எட்டு மடங்கு விரியும். நிழலில் 25 டிகிரியில் இருக்கும் ஒரு மீட்டர்ப் பட்டை, நடுப்பகலில் 75 டிகிரிக்குச் சூடேறினால் சுமார் ஐந்து மில்லிமீட்டர் நீளும். கறுப்புப் பிளாஸ்டிக் வெட்டவெளியில் அந்தச் சூட்டைத் தொடுவது சாதாரணம். அதன் பின்னால் இருக்கும் தகடோ அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலாகத்தான் நீளும். நீண்ட பட்டை எங்கே போகும்? கிளிப் உட்காரும் துளையை வட்டமாக விடாமல் நீள்துளையாக விட்டிருந்தால் சறுக்கிக்கொண்டு போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிவிடும். விடாவிட்டால் நடுவில் புடைக்கும். டால்க் எனப்படும் மாவுக்கல் பொடியைக் கலந்தால் விரிவு கணிசமாகக் குறையும். அச்சிலிருந்து பாகத்தை அவசரமாக வெளியே எடுத்தால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். பிறகு சூடேறும்போது அந்த இறுக்கம் இளகிப் பட்டை தானாகவே முறுக்கிக்கொள்ளும்.

ஆக, துளையின் வடிவம், கலவை, அச்சில் ஆறவிட்ட நேரம் எல்லாமே தொழிற்சாலையில் முடிவாகிறவை. வாங்கியவன் கையில் இருப்பது வண்டியை எங்கே நிறுத்துவது என்பது ஒன்றுதான். ஒரு பக்கம் மட்டும் நெளிந்திருந்தால் உடனே அது வெளிக்காரணம் என்று தீர்ப்பெழுதுகிறார்கள். தினமும் ஒரே இடத்தில் நிறுத்துகிறவன் வண்டிக்கு ஒரு பக்கம்தானே மேற்கு வெயில் படும்?

நம்பிக்கை வராவிட்டால் ஆடி அமாவாசையன்று பவானிக் கூடுதுறைக்கு வந்து பாருங்கள். திதி கொடுக்கவும் முழுக்குப் போடவும் வருகிறவர்களின் கார்கள் சங்கமேஸ்வரர் கோயிலைச் சுற்றிக் கிடைத்த இடத்திலெல்லாம் வெயிலில் நிற்கும். பட்டைகளை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தால் ஒன்று புரியும். பல வருடம் ஓடிய வண்டியில் பட்டை வைத்தது வைத்தபடி இருக்கிறது. நேற்று வாங்கியதுபோலிருக்கும் வண்டியில் சாம்பல் பூத்து நெளிந்து கிடக்கிறது. இரண்டும் இதே வெயிலில் நிற்பவைதானே? (வெளுப்பது வேறு கதை, அது புற ஊதாக் கதிரால் மேற்பரப்பு சிதைவது. அதற்கும் கலவையில் சேர்க்கும் தடுப்புப் பொருள் உண்டு, அதற்கும் விலை உண்டு.)

உண்மையிலேயே வெளிக்காரணத்தால் வளைந்த வண்டியும் உலகத்தில் உண்டு. 2013 கோடையில் லண்டன் ஃபென்சர்ச் தெருவில் கட்டிக்கொண்டிருந்த ஒரு வானளாவியின் உட்குழிந்த கண்ணாடி முகப்பு, வெயிலைத் திரட்டிப் பக்கத்துத் தெருவில் ஒரே இடத்தில் கொட்டியது. அங்கே நிறுத்தியிருந்த ஜாகுவார் காரின் பக்கக் கண்ணாடிக் கூடும் வெளிப்பாகங்களும் வளைந்துபோயின. கட்டியவர்கள் வழக்கு வரும்வரை காத்திருக்காமல் பழுதுச் செலவு 946 பவுண்டைக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு முகப்புக்கு வெயில் தடுப்பும் போட்டார்கள். ஜாகுவார் நிறுவனம் அதற்குப் பொறுப்பாக முடியாதுதான், காரணம் கண்ணெதிரே நின்றதே. எங்கள் வண்டிகளுக்கும் அப்படி ஒரு கண்ணாடிக் கட்டடத்தைக் காட்டட்டும், வாயை மூடிக்கொள்கிறோம். எதையும் காட்டாமல் ‘எக்ஸ்டர்னல்’ என்று ஒரு சொல்லை மட்டும் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

இதில் எனக்கு மிகவும் எரிச்சல் மூட்டுவது மறுப்புக்கூட இல்லை, ‘குட்வில்’ என்ற ஏற்பாடு. வாரண்டி வராது என்று சொன்ன அதே மேஜையில், கொஞ்சம் குரலை உயர்த்தினால், மேனேஜரைத் தெரிந்தவர் யாராவது போன் போட்டால், “சரிங்க, குட்வில்ல பாதி போட்டுத் தர்றோம்” என்கிறார்கள். குறை இல்லாவிட்டால் பாதி எதற்கு? குறை இருந்தால் மீதிப் பாதியை நான் ஏன் கொடுக்க வேண்டும்? பாதி கிடைத்தவர் அதோடு பேசாமல் போய்விடுவார், புகாரும் பதிவாகாது. சத்தம் போடத் தெரியாதவரும், லேத் பட்டறையை மூடிவிட்டு நாலு தடவை அலைய முடியாதவரும் முழுப் பணத்தையும் கட்டுகிறார்கள். ஜமக்காளம் விற்கிறவர் சாயம் போகாது என்று சொல்லிக் கொடுத்தால், சாயம் போனபிறகு தண்ணீரைக் குற்றம் சொல்ல மாட்டார். இங்கே கோடிகளில் புரளும் தொழில் தண்ணீரைத்தான் குற்றம் சொல்கிறது.

சட்டம் சும்மா இல்லை, அதையும் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, ஈரோட்டிலேயே வழக்குப் போடலாம். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். ஆனால் உள்ளே போனதும் 38ஆம் பிரிவு நிற்கிறது. பொருளின் குறையைச் சோதனை இல்லாமல் சொல்ல முடியாது என்றால் மாவட்ட ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பும். அந்தச் செலவைப் புகார் கொடுத்தவரைக் கட்டச் சொல்லலாம். பிளாஸ்டிக்கைச் சோதிக்கத் தகுதியான அரசு நிறுவனம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. அந்த நிறுவனமான சிப்பெட்டின் தலைமையகம் சென்னை கிண்டியில்தான். ஆனால் ஒரு கதவுப் பட்டைக்காகச் சோதனைக் கட்டணம், வக்கீல், வாய்தா என்று போனால் பட்டையின் விலையை எங்கோ தாண்டிவிடும். அது நிறுவனங்களுக்கும் தெரியும். கையேட்டில் இருக்கும் விலக்கு வாசகமே நியாயமற்றது என்று வாதாட நினைத்தாலோ மாவட்ட ஆணையத்துக்கு அந்த அதிகாரமே இல்லை. நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை மாநில ஆணையமோ தேசிய ஆணையமோதான் விசாரிக்க முடியும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும் விதியும் கைகொடுக்காது. சுற்றுச்சூழலுக்கோ ஓட்டுகிறவருக்கோ சாலையில் போகிறவருக்கோ தீங்கு என்றால்தான் அது பாயும். (கழன்ற பட்டை 544ஆம் எண் நெடுஞ்சாலையில் பின்னால் வரும் பைக்காரர்மேல் விழுந்தால் என்னவாகும் என்பதை யோசிக்கத்தான் வேண்டும்.) பாகம் கெட்டால் பாகத்தை மாற்றினால் போதும், முழு வண்டியையும் மாற்ற வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2006இல் மாருதி உத்யோக் வழக்கில் சொல்லிவிட்டது. சரியான தீர்ப்பு. நாங்களும் வண்டியைக் கேட்கவில்லை, பட்டையைத்தான் கேட்கிறோம்.

அதனால்தான் உங்கள் ஆணையத்துக்கு வருகிறேன். ஒருவருடைய குறையைத் தீர்ப்பதற்காக அல்லாமல், நுகர்வோரை ஒரு கூட்டமாக வைத்துப் பார்ப்பதற்காகவே 2020 ஜூலையில் அது அமைக்கப்பட்டது. ஓட்டல் சேவைக் கட்டணத்துக்கு 2022இல் வழிகாட்டுதல் கொண்டுவந்தீர்கள். இணைய வணிகத்தின் ஏமாற்று வடிவங்களுக்கு 2023இலும் பயிற்சி மையங்களின் விளம்பரங்களுக்கு 2024இலும் கொண்டுவந்தீர்கள். வாகனத் துறையும் உங்களுக்குப் புதிதல்ல: 2024 அக்டோபரில் ஓலா எலெக்ட்ரிக் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது உங்கள் ஆணையம்தான்.

கையில் ஆயுதமும் இருக்கிறது. சட்டத்தின் 2(47)ஆம் பிரிவைப் பாருங்கள். ஒரு பொருளின் செயல்திறனுக்கோ ஆயுளுக்கோ போதுமான சோதனை செய்யாமல் வாரண்டி கொடுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. சோதனை செய்தோம் என்று நிறுவனம் சொன்னால் அதை நிரூபிக்கும் சுமையும் நிறுவனத்தின் தலைமேல்தான். அதாவது, மூன்று வருட வாரண்டி என்று விளம்பரம் செய்கிற நிறுவனத்திடம் உங்கள் ஆணையம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எங்கள் ஊர் வெயிலில் இந்தப் பட்டை மூன்று வருடம் நிற்கும் என்று எங்கே, எத்தனை டிகிரியில் சோதித்தீர்கள்? சோதித்திருந்தால் நெளிந்த பட்டை குறையுள்ளது, மாற்றித் தர வேண்டும். சோதிக்கவில்லை என்றால் அந்த வாரண்டியே நியாயமற்றது. ‘எக்ஸ்டர்னல் ஹீட்’ என்ற சொல் ஒளிந்துகொள்ள நடுவில் இடமே இல்லை.

நான் கேட்பது பெரிய சட்டத் திருத்தம் எதுவும் இல்லை. வாகன வாரண்டிக்கு ஒரு வழிகாட்டுதல் போதும். வண்டி விற்கப்படும் பகுதியின் வழக்கமான வெயிலையும் மழையையும் வெளிக்காரணம் என்று சொல்லக் கூடாது. வாரண்டி மறுத்தால் காரணத்தையும் பார்த்தவர் பெயரையும் எழுதி அதே வாரத்தில் கையில் கொடுக்க வேண்டும்; ‘கஸ்டமர் இன்ஃபார்ம்டு’ என்பது காரணமாகாது. வெளிக்காரணம் என்று சொல்கிறவரே சிப்பெட் போன்ற ஆய்வகத்தின் சோதனைச் செலவை ஏற்க வேண்டும். குட்வில் என்று கொடுப்பதையெல்லாம் மாடல் வாரியாகப் பதிவு செய்து ஆண்டுக்கு ஒருமுறை உங்களிடம் ஒப்படைக்க வேண்டும். எந்த மாடலில் எந்தப் பட்டை நெளிகிறது என்பது அப்போது தானாக வெளியே வந்துவிடும்.

இதைப் படிக்கிற கார்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வாய்ப்பேச்சில் வந்த மறுப்பை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். ஈமெயிலில் கேளுங்கள். பட்டையை அளவுகோலோடு, தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். வழக்குப் போட இரண்டு வருடம்தான் அவகாசம்.

ஐயா, மாசி பிறந்தால் இங்கே வெயில் ஏறத் தொடங்கிவிடும். அதற்குள் அந்த வழிகாட்டுதலின் வரைவையாவது மக்கள் கருத்துக்கு வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பவானியிலிருந்து ஒரு கார் உரிமையாளர்