அப்பாவைத் திட்டி ஒரு பாட்டு... யார் இந்த மார்த்தா வெயின்ரைட்?

அப்பா மேல கோபம் வந்தா பொதுவா என்ன செய்வோம்? ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டோம். மார்த்தா வெயின்ரைட் பாட்டு எழுதினார். 2005-ல் வந்த அந்தப் பாட்டின் தலைப்பை இங்கே எழுத முடியாது. அத்தனையும் வசவு. திட்டு வாங்கியவர், பிரபல அமெரிக்கப் பாடகர் மூன்றாம் லவுடன் வெயின்ரைட்.

வாரிசு என்பதால் வந்த திமிர் என்று கடந்து போய்விடலாம். ஆனால், சண்டையைத் தொடங்கியது மகள் இல்லை.

வீடு முழுக்கப் பாடகர்கள்!

ரோட்டில் அடிபட்டுச் செத்த ஒரு ஸ்கங்க் பற்றிப் பாடி 1972-ல் ஹிட் கொடுத்தவர் லவுடன். நாற்றத்துக்குப் பேர்போன விலங்கு அது! அம்மா கேட் மெக்காரிகல், தங்கை... இல்லை, அக்கா அன்னாவுடன் சேர்ந்து பாடிய கனடா நாட்டுப்புறப் பாடகி. அண்ணன் ரூஃபஸும் பெயர்பெற்ற பாடகர். எல்லோருமே பாட்டெழுதி, மெட்டமைத்து, தாங்களே பாடுபவர்கள். மார்த்தா சின்னக் குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்துவிட, பிள்ளைகள் அம்மாவோடு மான்ட்ரியலில் வளர்ந்தார்கள்.

பேச்சுக்குப் பதில் பாட்டு

லவுடனுக்கு வீட்டு விஷயம்தான் பாட்டு. கைக்குழந்தை ரூஃபஸ் பால் குடிப்பதைக்கூட 1975-ல் கிண்டலாகப் பாடிவிட்டார். காரில் சேட்டை செய்த மகளை அடித்ததையும், அதன்பின் வந்த குற்ற உணர்வையும் 1992-ல் ஒரு பாட்டாக்கினார். நேர்மைதான். ஆனால் அடி வாங்கிய பிள்ளையிடம் யாரும் அனுமதி கேட்கலையே?

பதினான்கு வயதில் மார்த்தா ஒரு வருஷம் நியூயார்க்கில் அப்பாவோடு தங்கியிருந்தார். பிறகு, 'தனியா இருப்பதே மேல்' என்ற பொருளில் அப்பா ஒரு பாட்டுப் பாடினார். ஏதோ காதலியைப் பற்றியது என்றுதான் மகள் நினைத்திருந்தார். அது தன்னைப் பற்றிய பாட்டு என்பது, அப்பா மேடையில் சொன்னபோதுதான் தெரிந்ததாம்! சின்ன வயதில் அப்பா தன்னிடம் பெரும்பாலும் பாட்டு வழியாகத்தான் பேசினார் என்று பின்னாளில் மார்த்தா குறைபட்டுக்கொண்டார்.

இதைவிட விசித்திரம், 1995-ல் வந்த அப்பா–மகள் வாக்குவாதப் பாட்டு. 'பாட்டில் மட்டும் பாசம் காட்டுறீங்களே' என்ற தொனியில் மகள் கேட்க, அப்பா சமாளிக்கிறார். பாடியவர்கள் லவுடனும் மார்த்தாவும்தான். ஆனா மகளின் வரிகளையும் எழுதியது அப்பா! அவருடைய கோபத்துக்குக்கூட சொந்த வார்த்தை இல்லை.

அந்த வார்த்தைகள்தான் பத்து வருஷம் கழித்து வசவாக வந்தன. அதற்கு முன்பே, 2003-ல் ரூஃபஸும் அப்பாவோடு போட்ட சண்டையைப் பாட்டாக்கியிருந்தார்.

வாரிசு என்பது லாபமா?

லாபம் இல்லாமல் இல்லை. அண்ணனுக்குப் பின்பாட்டுப் பாடும் வாய்ப்பு எல்லோருக்குமா கிடைக்கும்? ஆனாலும், தன் பெயரில் முதல் முழு ஆல்பம் வரும்போது மார்த்தாவுக்கு வயது முப்பதை நெருங்கிவிட்டது.

2010 ஜனவரியில் அம்மா கேட் புற்றுநோயால் இறந்தார். அவர் கடைசியாக எழுதியது, தொலைந்த மகளை ஒரு தாய் வீட்டுக்கு அழைக்கும் ரோமானியப் புராணக் கதைப் பாட்டு. 2012-ல் அதை மார்த்தா தன் ஆல்பத்தில் பாடினார். அவர் பாடியவற்றில் கேட்கவேண்டிய ஒன்றைச் சொல்லுங்கள் என்றால், வசவுப் பாட்டைவிட இதைத்தான் சொல்ல வேண்டும்.

அப்பாவோடும் பிறகு சமாதானம் ஆனது. ஒரே மேடையில் பாடியும் இருக்கிறார்கள். அதற்காகப் பழைய பாட்டை மகள் வாபஸ் வாங்கவில்லை.

2022-ல் மார்த்தாவின் சுயசரிதை வந்தது. சொன்னதற்காகப் பின்னாடி வருத்தப்படலாம் என்பதுதான் தலைப்பின் சாரம். அண்ணன் மீதான பொறாமை, போதை, தன் விவாகரத்து என எதையும் அதில் விட்டுவைக்கவில்லை. அவருக்கு இரண்டு மகன்கள். புத்தகம் வந்தபோது இருவரும் பள்ளிக்கூடப் பையன்கள்.